யானையை மாற்றியதால் தோற்கவில்லை

கேள்வி: ஐயா, நான் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். டர்பன்காரர் ஒருவருடன் இணையவழியில் அஞ்சல் சதுரங்கம் ஆடினேன். நகர்வுக்கு 3 நாள் அவகாசம், எனக்குக் கறுப்பு. யானைகளை மாற்றிக்கொண்ட பிறகு தோற்றேன். "யானையைக் கொடுத்ததுதான் தப்பு" என்கிறார் மாமா. உண்மையில் எங்கே தவறினேன்?

பதில்: முதலில் நீங்கள் நகர்வுகளை எழுதிய குறிப்பைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பிரெஞ்சு முறையில் 'ஆர்' (R) என்ற எழுத்து ராஜா, ஆங்கிலத்தில் யானை. உங்கள் தாளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. நம் ஊரில் இது சகஜம்தான். இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் தபால் அட்டைக் காலத்தில் எண்களால் எழுதினார்கள்: இ2 சிப்பாய் இ4க்குப் போனால் 5254 ('இ' ஐந்தாவது நெடுவரிசை, அதனால் 52லிருந்து 54).

சரி, ஆட்டத்துக்கு வருவோம். தோற்ற ஆட்டத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் "இங்கே எனக்கு டிரா இருந்ததா?" என்று கேளுங்கள். "இருந்தது" என்ற பதில் முதலில் எங்கே வருகிறதோ, அங்கே நீங்கள் ஆடிய நகர்வுதான் ஆட்டத்தைக் கொடுத்த நகர்வு.

ஏ8இல் வெள்ளை யானை செக் வைத்தது. நீங்கள் யானையை இ8இல் குறுக்கே வைத்தீர்கள். அவர் வெட்டினார், உங்கள் ராஜா திருப்பி வெட்டியது. மிச்சம் இருப்பவை: வெள்ளைக்கு இ5 ராஜா, இ6 சிப்பாய், உங்களுக்கு இ8 ராஜா. இது சுத்தமான டிரா. மாமா சொல்வது சரியில்லை.

அப்புறம் வெள்ளை ராஜா டி5 போனது, நீங்கள் இ7 வந்தீர்கள், அவர் மறுபடி இ5. இங்கே உங்களுக்கு ஒரே வழிதான்: நேராகப் பின்வாங்கி இ8. அவர் டி6 வந்தால் நீங்கள் டி8, எஃப்6 வந்தால் எஃப்8. ராஜாவுக்கு ராஜா எதிரே நிற்க வேண்டும். ஆப்போசிஷன் என்பது இதுதான். டி8இல் நிற்கும்போது அவர் சிப்பாயை இ7க்குத் தள்ளிச் செக் வைத்தால் இ8க்கு வாருங்கள். சிப்பாயைக் காக்க அவர் இ6 வந்தாக வேண்டும். உங்களுக்குச் செக்கும் இருக்காது, நகர இடமும் இருக்காது, அதனால் ஆட்டம் டிரா.

நீங்களோ இ7இலிருந்து டி8 போனீர்கள். அவர் டி6 வந்து எதிரே நின்றுவிட்டார். உங்கள் ராஜா இ8, சிப்பாய் இ7, உங்கள் ராஜா எஃப்7, அவர் டி7. இனி சிப்பாய் ராணியாவதை யாரும் தடுக்க முடியாது.

லிசெஸ் என்ற சதுரங்க இணையதளத்தின் பகுப்பாய்வுப் பலகையில் இந்த நிலையை வைத்துப் பாருங்கள். 7 காய் வரையிலான முடிவாட்டங்களுக்கு அங்கே தீர்ப்பே இருக்கிறது: இ8 டிரா, டி8 தோல்வி. ஆட்டம் முடிந்த பிறகு இன்ஜினையும், அதாவது நகர்வுகளைக் கணக்கிடும் நிரலையும், ஓடவிடலாம். நடக்கும்போது அதற்கு அனுமதி உண்டா என்பது தளத்துக்குத் தளம் மாறும்.

என்னை உறுத்தியது வேறொன்று. நீங்கள் அனுப்பிய நேரப்பட்டியலில் யானை மாற்றத்துக்கு இரண்டு நாள் யோசித்திருக்கிறீர்கள், டி8க்கு 40 விநாடி. காய்கள் குறைந்ததும் ஆட்டம் எளிதாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். மூன்று காய் நிலையில்தான் ஒரு கட்டம் தவறினாலும் திரும்ப வழியில்லை. அடுத்த முறை பலகையில் காயை வைத்து, அவர் என்ன பதில் ஆடுவார் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

இன்றிரவே மாமாவை வெள்ளைக்கு உட்கார வைத்து, இ6 சிப்பாய் நிலையைப் பத்து தடவை ஆடுங்கள். நீங்கள் கறுப்பு. பத்திலும் டிரா வர வேண்டும்.