அபு மலையில் குரங்கு பார்த்த பெண்

(பதில்கள்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், தருமபுரி)

கேள்வி: பரிணாம உளவியல் என்பதே ஆணாதிக்கத்துக்குப் பூசிய அறிவியல் சாயம் என்கிறாள் என் தோழி. அந்தப் பக்கம் சொல்லும்படியான பெண் யாரும் இல்லையா ஐயா?
- கல்லூரி மாணவி, பென்னாகரம்

இருக்கிறார் மகளே. சாரா பிளாஃபர் ஹர்டி. படிப்பால் மானுடவியலாளர்தான். ஆனாலும் பரிணாம உளவியல், அதாவது நம் மனமும் நடத்தையும் பரிணாமத்தில் எப்படி உருவாயின என்று தேடும் துறை, படிக்கும் எவரும் அவரைப் படிக்காமல் தாண்ட முடியாது.

1946-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர். ஹார்வர்டில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, 1971-ல், ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தார். அதற்கு முன்பே யுகிமாரு சுகியாமா என்ற ஜப்பானியர் கர்நாடகத்தின் தார்வாடில் ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார்: அனுமன் குரங்குக் கூட்டத்தைப் புதிதாகப் பிடிக்கும் கடுவன் (ஆண் குரங்கு), அங்குள்ள கைக்குட்டிகளைக் கடித்துக் கொல்கிறது. நெரிசலில் வரும் வெறி அது என்று எண்ணித்தான் ஹர்டியும் வந்தார். பார்த்ததோ வேறு. கொல்வது வெளியிலிருந்து வந்த கடுவன். சாவது அதற்குப் பிறக்காத குட்டி. பால்குடி நின்றால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்கு வரும் என்று அவர் விளக்கினார். மனிதர் போடும் தீனியில் கெட்டுப்போன குரங்குகள் என்று மற்ற ஆய்வாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். பின்னாளில் சிங்கம் முதல் பல விலங்குகளில் இதே நடத்தை பதிவானது.

எனக்குப் பெரிதாகப் படுவது அவர் அடுத்துச் செய்தது. பெண் குரங்குகளைப் பார்த்தார். பல கடுவன்களோடு கூடித் தகப்பன் யாரென்று தெரியாமல் செய்யும் தாய்; அடுத்தவள் குட்டிக்காகக் கடுவன்மேல் பாயும் கிழவி. இவர்களைப் பற்றி அதுவரை யார் எழுதினார்கள்?

"அப்படின்னா நம்ம மாவட்டத்துல பெண் சிசுவைக் கொன்னதும் இயற்கைதானா சார்?" என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். இல்லவே இல்லை. இங்கே வரதட்சணைப் பயம் இருந்தது, பெண் என்றாலே செலவு என்ற கணக்கு இருந்தது. வேண்டாம் என்கிற குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விடச் சொல்லி 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் தருமபுரிக்கும் வர வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. தாய்மை பற்றி ஹர்டி 1999-ல் வெளியிட்ட பெரிய நூல், பெற்றவளே பிள்ளையைக் கைவிடும் நிலை எதனால் வருகிறது என்று கேட்கிறது. தாங்கிப் பிடிக்க ஆளில்லாத நிலையை அவர் முக்கியக் காரணமாகக் காட்டுகிறார்.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறேன். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். பெற்றவள் வளர்ப்பதுதான் இயற்கை என்று சொந்தக்காரர்கள் குத்துகிறார்கள்.
- ஒரு தாய், பாலக்கோடு

அவர்கள் சொல்வது சிம்பன்சிக்குப் பொருந்தும் அம்மா. சிம்பன்சித் தாய்தான் பிறந்த குட்டியைப் பல மாதம் யாரிடமும் கொடுக்காது. மனித இனம் பலர் கைமாறி வளர்ந்த இனம் என்பதுதான் 2009-ல் ஹர்டி எழுதிய நூலின் மையம். ஒரு பிள்ளை பிறந்து ஆளாக ஏறக்குறைய 1.3 கோடி கலோரி உணவு வேண்டும் என்ற கணக்கை அதில் எடுத்துக்காட்டுகிறார். ஒருத்தி தனியாகத் தேடிப் போட முடியுமா? தான்சானியாவின் ஹட்சா மக்களிடம் பாட்டிகள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் கிறிஸ்டன் ஹாக்ஸ் என்பவர் ஆராய்ந்திருக்கிறார். நிம்மதியாக வேலைக்குப் போய் வாருங்கள். உங்கள் மாமியார் செய்வது மிகப் பழைய, மிகப் பெரிய வேலை. அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: இத்துறைக்கு வர என்ன படிக்கலாம்?
- பிளஸ் டூ மாணவன், கிருஷ்ணகிரி

விலங்கியல், உளவியல், மானுடவியல் மூன்றில் எதுவும் வாசல்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் துறை உண்டு. விலங்கு நடத்தை ஆய்வுக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உனக்குப் பக்கம். அதுவரை ஒகேனக்கல் போனால் குரங்குக்குத் தீனி போடாதே. ஒரு நோட்டு எடுத்துப் போய், எந்தக் குட்டியை யார் யார் தூக்குகிறார்கள் என்று நேரத்தோடு குறித்து வா.