சந்தையில் போட்டி கூடினால் உற்பத்தித்திறன் உயரும் என்கிறார்கள். அப்படியானால் வேலைகள் குறைந்துவிடாதா?

உற்பத்தித்திறன், அதாவது ஒருவர் ஒரு மணிநேரத்தில் செய்து முடிக்கும் அளவு, உயரும் என்பது பெரும்பாலும் சரி. வேலை குறையுமா என்பது, விலை இறங்கினால் மக்கள் அந்தப் பொருளை எவ்வளவு கூடுதலாக வாங்குவார்கள் என்பதைப் பொறுத்தது.

எனக்கு இது விளங்கியது இரும்புத்தாதுச் சுரங்கங்களின் கதையைப் படித்தபோதுதான். அமெரிக்கா, கனடா எல்லையில் இருக்கும் பேரேரிப் பகுதிச் சுரங்கங்களுக்குப் பல பத்தாண்டுகள் வெளியிலிருந்து போட்டியே இல்லை. கனமான சரக்கு, தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கட்டுபடியாகாது. 1980களின் தொடக்கத்தில் பிரேசில் தாது அந்தச் சந்தைக்குள்ளேயே விலைபேச வந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு தொழிலாளியின் ஒரு மணிநேர உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானது. புது இயந்திரங்களைவிட வேலை விதிகள் மாறியதுதான் பெரிய காரணம் என்று பொருளாதார ஆய்வாளர் ஜேம்ஸ் ஷ்மிட்ஸ் 2005-இல் காட்டினார்.

அதென்ன வேலை விதி? இயந்திரத்தில் சின்னக் கோளாறு என்றாலும் ஆபரேட்டர் கைவைக்கக் கூடாது, பழுது பார்க்க என்றே இருப்பவர்தான் வரவேண்டும் என்பது மாதிரி. அவர் வந்து சேரும்வரை ஆபரேட்டரும் சும்மா நிற்பார், இயந்திரமும் நிற்கும், சம்பளக் கணக்கு மட்டும் ஓடும். போட்டி வந்ததும் சில்லறைப் பழுதுகளை ஆபரேட்டரே பார்க்கலாம் என்றானது. தொழிலாளர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டது நிர்வாகமும்தான். செலவை வாங்குபவர் தலையில் கட்ட முடிந்தவரை அவர்களுக்கும் கவலையில்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரே அறிக்கையை மூன்று பிரிவுகள் தனித்தனியாகத் தட்டச்சு செய்தன. வாடிக்கையாளருக்கு வேறு போக்கிடம் இல்லாததால், ஏன் என்று யாரும் கேட்டதே இல்லை.

சரி, வேலை? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் 1,000 பொருள் செய்கிறார்கள். தலைக்கு 10 என்பது 12.5 ஆனால், அதே 1,000 பொருளுக்கு 80 பேர் போதும். விலை இறங்கி 1,250 விற்றால் பழைய 100 பேரும் வேண்டும். 1,500 விற்றால் 120 பேர். தாது மலிந்தது என்பதற்காக யாரும் இரண்டாவது கார் வாங்குவதில்லை. அதனால் சுரங்கங்களில் ஆட்கள் குறைந்தார்கள். விமானப் பயணம் அப்படியில்லை. 1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தத் தொடங்கிய பிறகு பயணிகள் பெருகினார்கள், துறையில் மொத்த வேலைகளும் கூடின. ஆனால் பான் ஆம், ஈஸ்டர்ன் என்ற இரண்டு பெரிய விமான நிறுவனங்கள் 1991-இல் மூடப்பட்டன. அங்கே வேலை இழந்தவரிடம் 'மொத்தத்தில் கூடியிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள்!

சராசரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேறாதவர்களை வெளியே அனுப்பினால், ஒருவர்கூடக் கூடுதலாகப் படிக்காமலே வகுப்பின் சராசரி உயரும். நலிந்த நிறுவனங்கள் மூடப்படும்போது துறையின் உற்பத்தித்திறன் உயர்வதில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. வெளியேறியவர்கள் உடனே வேறிடம் போய்விடுவார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். சீன இறக்குமதியால் அடிபட்ட அமெரிக்க வட்டாரங்களைப் பற்றி பொருளாதார ஆய்வாளர்கள் ஆட்டர், டோர்ன், ஹான்சன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி நடக்கவில்லை. வேலையின்மை அந்தந்த வட்டாரத்திலேயே தங்கிவிட்டது.

கேள்வியில் விடுபட்ட ஒன்றும் இருக்கிறது. விற்பவர்களுக்குள் மட்டுமா போட்டி? ஆள் எடுப்பவர்களுக்குள்ளும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் ஒரே முதலாளிதான் என்றால், கூலியை ஏற்றாமலிருக்கவே அவர் குறைவான ஆட்களை எடுப்பார். புதிதாக ஒருவரை ஈர்க்கக் கூலியை ஏற்றினால் இருப்பவர்களுக்கும் ஏற்ற வேண்டிவருமே. பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜோன் ராபின்சன் இதை 1933-லேயே விளக்கிவிட்டார். அங்கே இரண்டாவது முதலாளி வந்தால் கூலியும் வேலையும் சேர்ந்தே ஏற வாய்ப்புண்டு. அதே காரணத்தால்தான், அப்படிப்பட்ட இடத்தில் குறைந்தபட்சக் கூலியை அளவோடு உயர்த்தினாலும் வேலைகள் குறைந்தே தீரும் என்று சொல்ல முடிவதில்லை.