விடிய மட்டும் சுகர் ஏறுதா?

நீரிழிவுள்ள அம்மாவுக்கு இராச் சாப்பாட்டைக் குறைத்தும் விடிய சுகர் கூடவே இருக்குதென்றால், அதை இன்னும் குறைக்க வேண்டாம். புட்டை விட்டு, இரண்டு கிரக்கர் பிஸ்கட்டோடு படுத்தும் விடிய 170 mg/dL என்றால் பிழை சாப்பாட்டில் இல்லாமலும் இருக்கலாம். விடியப்புறம் கூடும் ஹோர்மோன்கள் ஈரலிலிருந்து சீனியை வெளியே விட வைக்கும். பட்டினி கிடந்தாலும் ஏறும்.

சில நாள் படுக்கும்போதும் எழும்பினவுடனும் அளந்து கிளினிக் கொப்பியிலேயே எழுதுங்கோ. ஒரு நாள் விடிய 3 மணிக்கும் பாருங்கோ. படுக்கும்போதே கூட என்றால் இராச் சாப்பாடுதான், அல்லது வெள்ளவத்தைக் கடை ரோல்ஸ் (அதை எந்த அம்மாவும் கணக்கில் சேர்ப்பதில்லை). விடிய மட்டும் கூட என்றால் கொப்பியோடு டொக்டரிடம் போங்கோ. குளிசையை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்சுலின் அல்லது கிளிக்கிளசைட் (சுகரைக் குறைக்கும் குளிசை) எடுப்பவரென்றால் விடிய 3 மணிக்கு அளப்பது முக்கியம். 70க்குக் கீழே போனால் உடனே சீனித் தண்ணீர், 15 நிமிடத்தில் திரும்ப அளந்து பாருங்கோ. நினைவில்லாமல் மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.