மருத்துவத் தேவைக்குத் தவிர

அன்புள்ள எழுத்தாளருக்கு,

2022 டிசம்பரில் போதைப்பொருள் பிரச்சினை குறித்து மக்களவையில் நடந்த விவாதத்தின் பதிவை அண்மையில் பார்த்தேன். துறைமுகம், எல்லை, டிரோன், கடத்தல் கும்பல் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு என் அம்மாவின் நினைவுதான் வந்தது.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கடைசி மாதங்களில் வலி தாங்காமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே கிடப்பார். டாக்டர், அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் சீட்டைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் பக்கத்தில் அழைத்து, "தம்பி, இதைக் கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போகாதீர்கள், வம்பாகிவிடும்" என்றார். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் கிடைத்தபோது அம்மாவுக்கு நாட்கள் அதிகம் மிச்சமில்லை. அந்தச் சில நாட்கள் அவர் தூங்கினார்.

போதைப்பொருள் பற்றி இவ்வளவு பேசும் நாடாளுமன்றத்தில், மருந்து பற்றி யாராவது பேசுகிறார்களா? பேசுவதால் ஏதாவது நடக்கிறதா?

எம்.எஸ்.,
பழனி

அன்புள்ள எம்.எஸ்.,

உங்கள் அம்மா பட்ட வலிக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும். மருந்து பற்றி நாடாளுமன்றத்தில் பேசுகிறார்கள். பேசியதால் நடந்தும் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்த மருந்து, அவை மிகுந்த கோபத்தோடு பேசும் ஒரு பொருளின் பட்டியலில் மாட்டிக்கொண்டது. அந்தப் பட்டியலில் நோயாளி ஒரு விதிவிலக்காக மட்டுமே இருக்கிறார். விதிவிலக்குக்காக அவையில் எழுந்து நிற்பவர் அரிது.

இது அரசியல் நிர்ணய சபையிலேயே தொடங்குகிறது. 1948 நவம்பர் 24 அன்று, இன்று அரசியலமைப்பின் 47ஆவது பிரிவாக இருக்கும் மதுவிலக்கு வாசகம் விவாதத்துக்கு வந்தது. மதுவையும் உடலுக்குக் கேடான போதைப்பொருட்களையும் தடுக்க அரசு முயல வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர் மகாவீர் தியாகி. ஆதிவாசி மக்களின் வழக்கத்தில் கைவைக்காதீர்கள் என்று ஜெய்பால் சிங் எதிர்த்தார். அந்த வாசகத்தில் 'மருத்துவத் தேவைக்குத் தவிர' என்பதைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னவர் ஷிப்பன் லால் சக்சேனா. சேர்த்தார்கள். அன்றைய வாதமெல்லாம் குடியைப் பற்றித்தான். மருத்துவத்துக்கான அந்த வரியை யாரும் மறுக்கவில்லை, அதனாலேயே யாரும் அதைப் பற்றி விரித்துப் பேசவும் இல்லை.

1985க்கு வருவோம். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்ட மசோதா ஆகஸ்ட் 23 அன்று மக்களவையில் அறிமுகமானது. செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அபின் பற்றிய 19ஆம் நூற்றாண்டுச் சட்டங்களையும் 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தையும் நீக்கிவிட்டு வந்த முழுச் சட்டம் மூன்றரை வாரத்தில் முடிந்தது. பழைய சட்டத்தில் உச்ச தண்டனையே மூன்று ஆண்டு, மறுமுறை பிடிபட்டால் நான்கு ஆண்டு என்பதால் கடத்தல்காரர்கள் அஞ்சவில்லை என்பது அரசு சொன்ன காரணம். புதிய சட்டத்தில் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு. 1989இல் மரண தண்டனையும் சேர்ந்தது. இந்தச் சட்டத்தின் 8ஆவது பிரிவிலும் மருத்துவ, அறிவியல் தேவைக்கான விலக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விலக்கை எப்படி நடைமுறைப்படுத்துவது என்ற விதிகளை மாநிலங்கள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக எழுதியது.

ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள். வைத்திருக்க ஓர் உரிமம். வேறு மாநிலத்திலிருந்து வரவழைக்க இறக்குமதி அனுமதி. அனுப்பும் மாநிலத்தின் ஏற்றுமதி அனுமதி. வழியில் கொண்டுவரப் போக்குவரத்து அனுமதி. கலால் துறை ஒரு பக்கம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இன்னொரு பக்கம், சுகாதாரத் துறை வேறொரு பக்கம். இத்தனை தாள்களும் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். கடைசித் தாள் கைக்கு வரும்போது முதல் தாளின் காலம் முடிந்திருக்கும். பதிவேட்டில் கணக்கு இடித்தால் பத்து ஆண்டுச் சிறை என்ற அச்சம் வேறு. மருத்துவமனைகள் கைகழுவின. நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு வரை சரிந்து, 1997இல் ஏறத்தாழ 18 கிலோ என்ற அளவுக்கு வந்தது. இத்தனை கோடி மக்களுக்கு 18 கிலோ. புற்றுநோய் வலிக்கு மார்ஃபினை வாய்வழி கொடுக்கலாம் என்ற வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது 1986இல். உலகம் அந்த மாத்திரையை நோயாளியின் கையில் கொடுக்கக் கற்றுக்கொண்ட நேரத்தில் நாம் அலமாரியைப் பூட்டினோம்.

மருந்துக்கு மூலப்பொருள் இல்லாத நாடாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச், ராஜஸ்தானின் சித்தோர்கட், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி வட்டாரங்களில் அரசு உரிமம் கொடுத்தே அபின் பயிரிடப்படுகிறது. நம் குருமாவில் அரைத்துவிடும் கசகசா அதே செடியின் விதை. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன, காஜிப்பூர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. அந்த அபினை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தோம். அங்கே அது வலி மருந்தானது. பழனியிலிருந்து ஒரு மகன் சீட்டோடு அலைய வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

திருத்தம் வந்தது, 2014 பிப்ரவரியில். 15ஆவது மக்களவையின் கடைசி நாட்கள், தெலங்கானா பிரிவினையால் அவை கொந்தளித்துக்கொண்டிருந்த வாரம். 2011இல் அறிமுகமான திருத்த மசோதா பெரிய விவாதமில்லாமல் இரு அவைகளிலும் நிறைவேறியது. 'அத்தியாவசிய போதை மருந்து' என்ற புதிய வகை சட்டத்தில் வந்தது. அதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு மத்திய அரசிடம் சென்றது. 2015 மே மாதம் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அந்த வகையில் அறிவிக்கப்பட்டன. மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்று போதும் என்றானது. இதற்காகப் பல ஆண்டு டில்லிக்கு நடந்தவர்கள் கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்ற மருத்துவர்கள். உறுப்பினர்களிடமும் அதிகாரிகளிடமும் ஒவ்வொருவராகப் பேசி அவர்கள் வாங்கியது இது.

அந்த 2014 திருத்தத்தின்போது ஒரு பிழை நேர்ந்தது. புதிய வகையைச் சேர்த்ததில் வரையறைகளின் எண் மாறிப்போனது. கடத்தலுக்குப் பணம் கொடுப்பவரைத் தண்டிக்கும் 27ஏ பிரிவு பழைய எண்ணையே சுட்டிக்கொண்டிருந்தது. 2021இல் திரிபுரா உயர் நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. சில மாதங்களில் அவசரச் சட்டம், டிசம்பரில் இரு அவைகளிலும் மசோதா. பின்தேதியிட்டுத் தண்டிக்கலாமா என்று உறுப்பினர்கள் எழுப்பிய கேள்வி மிக நியாயமானது, விவாதமும் நன்றாகவே நடந்தது. ஆனால் தண்டிக்கும் பிரிவில் ஓர் எண் இடித்ததைச் சரிசெய்யச் சில மாதம் போதுமானதாக இருந்தது. அதே சட்டத்தால் வலியில் கிடந்தவர்களுக்காக அதைத் திருத்த 28 ஆண்டுக்கு மேல் ஆனது.

உறுப்பினர்கள் இரக்கமற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பார்த்த விவாதத்தைத் தொடங்கியவர் பஞ்சாபைச் சேர்ந்த ஹர்சிம்ரத் கவுர் பாதல். அந்த மாநிலத்தில் பிள்ளைகளைப் போதைக்குப் பறிகொடுத்த தாய்மார்களின் குரல் அவையில் ஒலிக்கத்தான் வேண்டும். பதிலளித்த உள்துறை அமைச்சர் அமித் ஷா, பயன்படுத்துபவரைப் பாதிக்கப்பட்டவராகவே பார்க்க வேண்டும் என்றார், அதுவும் சரியான வார்த்தை. வலி மருந்தை வரைமுறையின்றி விற்று அமெரிக்கா பட்ட பாடும் நம் கண்முன் இருக்கிறது. ஆகவே அச்சம் பொய்யில்லை. அச்சத்துக்குப் பதிலும் நம்மிடமே இருக்கிறது. கோழிக்கோட்டில் இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டுக்கே மார்ஃபின் கொடுத்துக் கண்காணித்ததில், மருந்து வெளியே கசிந்ததற்குச் சான்றே கிடைக்கவில்லை. அந்த ஆய்வு 2001இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

பிறகு ஏன் யாரும் பேசவில்லை? அமைப்பைப் பாருங்கள். போதைப்பொருள் சட்டத்தை நிர்வகிப்பது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. பிடிப்பவர்கள் உள்துறையின் கீழ். மருந்தின் தரம் சுகாதாரத் துறை, விலை இரசாயனம் மற்றும் உரத் துறை, காப்புரிமை வணிகத் துறை, அடிமையானவர்களின் மறுவாழ்வு சமூக நீதித் துறை. மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துமூலக் கேள்வி 230. மார்ஃபின் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் அது எந்த அமைச்சருடையது? 'அ முதல் ஈ வரை' என்று நான்கு கேள்விகளையும் ஒரே பத்தியில் சேர்த்து, பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று முடிக்கும் பதில்களை நிறைய வாசித்திருக்கிறேன். இன்னொன்று, அபின் விவசாயிக்குத் தொகுதி இருக்கிறது. உரிமம் குறைந்தால் மந்த்சௌர், சித்தோர்கட் உறுப்பினர்கள் அவையில் எழுந்துவிடுவார்கள். கடைசி மாத வலியில் இருப்பவர்கள் எல்லாத் தொகுதியிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அடுத்த தேர்தலுக்கு அவர்கள் இருப்பதில்லை.

பேசினால் நடக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். 2005 மார்ச்சில் காப்புரிமைத் திருத்தச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை வாங்கும் தந்திரத்தை இடதுசாரி உறுப்பினர்கள் கிழித்துப் போட்டார்கள். கோட்டயம் உறுப்பினர் சுரேஷ் குரூப், இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கை உதாரணம் காட்டிப் பேசினார். அம்மருந்து அப்போது மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய், இந்திய நிறுவனங்களின் தயாரிப்பு பத்தாயிரத்துக்குள். அந்த அழுத்தத்தில்தான், அத்தகைய சிறு மாற்றத்துக்குக் காப்புரிமை மறுக்கும் 3(டி) பிரிவு இறுகியது. அதன் அடிப்படையில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல், கிளிவெக் மருந்தின் நிறுவனமான நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தபோது, நாடாளுமன்ற விவாதத்தையே எடுத்துவைத்துச் சட்டத்தின் நோக்கத்தை விளக்கியது. அவையில் ஒருவர் சொன்ன விலை விவரம் எட்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் வேலை செய்தது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் துறைவாரியாக உட்காரும் நிலைக்குழுக்களையும் மறக்காதீர்கள். சுகாதார நிலைக்குழு 2012 மே மாதம் வைத்த 59ஆவது அறிக்கையைப் போல ஓர் ஆவணம் நம் நாட்டில் அபூர்வம். புதிய மருந்துகளுக்கு அனுமதி கொடுத்த கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். வெவ்வேறு நகரங்களில் இருக்கும் நிபுணர்கள் தனித்தனியே எழுதியதாகச் சொல்லப்பட்ட பரிந்துரைக் கடிதங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மருந்து நிறுவனமே எழுதிக் கொடுக்க, நிபுணர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். கேமரா முன்னால் முழங்காமல், எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து உட்கார்ந்து கோப்பைப் புரட்டிச் செய்த வேலை அது.

இந்த இரண்டு இடத்திலும் ஒருவர் குறிப்பான மருந்தை, குறிப்பான விலையை, குறிப்பான கடிதத்தை மேசைமேல் வைத்தார். வலி மருந்துக்கு அப்படி வைக்க உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் துறை மாற்றித் தட்டிவிடுவார்கள், இரண்டாகப் பிரியுங்கள். சுகாதார அமைச்சருக்கு: தமிழ்நாட்டில் மாவட்டவாரியாக எத்தனை மருத்துவ நிறுவனங்களுக்கு 2015 விதிகளின்படி அங்கீகாரம் உள்ளது, அவற்றில் கடந்த மூன்று ஆண்டுகளில் நோயாளிகளுக்கு வழங்கப்பட்ட மார்ஃபின் எத்தனை கிராம்? நிதி அமைச்சருக்கு: அரசு ஆலைகளில் தயாரான மார்ஃபினில் உள்நாட்டு மருத்துவப் பயன்பாட்டுக்குச் சென்றது எவ்வளவு? மாநிலத்தைக் காட்டித் தப்பிக்க இடம் கொடுக்காமல், மத்திய அரசு வைத்திருக்க வேண்டிய எண்களாகக் கேட்க வேண்டும். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை, எனவே கூட்டத்தொடர் தேதி அறிவித்த உடனேயே கொடுத்துவிடுங்கள். நட்சத்திரக் கேள்வியாகத் தேர்வானால் துணைக்கேள்வி கேட்கலாம், அதற்காக அம்மாவின் சீட்டு நகலையும் உறுப்பினரிடம் கொடுத்து வையுங்கள். எழுத்துமூலப் பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.