பவர் அதிகமுள்ள காரில் டிராக்‌ஷன் கன்ட்ரோலை எப்போது அணைக்கலாம்?

சக்கரம் வழுக்காமல் பிடிக்கும் இந்த அமைப்பை அணைத்தால் வண்டி இன்னும் வேகமாகப் போகும் என்று நினைத்துக் கேட்டிருந்தால், அந்த நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள். நானும் அப்படி நினைத்துப் புல்லில் போய் நின்றவன்தான்.

நண்பரின் மஸ்டாங் ஜிடி. 5.0 லிட்டர் வி8, பின்சக்கர டிரைவ். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒருநாள் ஓட்டக் கிடைத்தது. வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் மீட்டரில் மஞ்சள் விளக்கு சிமிட்டும், எஞ்சின் சத்தம் அமுங்கிப்போகும். இந்தச் சனியன்தான் பிடித்து இழுக்கிறது என்று பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். இரண்டாவது வளைவிலேயே பின்பக்கம் முன்னால் வந்துவிட்டது. நல்லவேளை, அங்கே லைட் கம்பமோ ஷேர் ஆட்டோவோ இல்லை. "லைட்டு சிமிட்டுதுன்னா உன் கால் அவசரப்படுதுன்னு அர்த்தம்டா" என்றான் நண்பன்.

விஷயம் அவ்வளவுதான். எஞ்சின் ஓட்டும் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுவதை சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார்கள் காட்டிக்கொடுத்ததும், எஞ்சினின் பவரைக் குறைத்து, வழுக்கும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது கம்ப்யூட்டர். விளக்கு சிமிட்டவில்லை என்றால் அது குறுக்கிடவே இல்லை. அணைத்து என்ன லாபம்? சிமிட்டிக்கொண்டே இருந்தால் அணைக்கும் அளவுக்கு நீங்கள் இன்னும் தேறவில்லை. ஃபார்முலா 1-இல் 2008 முதல் இதற்குத் தடை. வேகத்தைக் கெடுக்கிற சமாச்சாரமாக இருந்தால் தடை போட்டிருக்கவே வேண்டாமே.

இன்னொன்று, பல கார்களில் ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. பிஎம்டபிள்யூ எம் கார்களில் லேசாகத் தட்டினால் எம் டைனமிக் மோட். கொஞ்சம் வழுக்க விட்டு, எல்லை மீறினால் பிடித்துக்கொள்ளும். அழுத்திப் பிடித்தால், வண்டி சுழன்றுவிடாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் சேர்ந்தே போய்விடும். நான் செய்தது இரண்டாவது வகை. டிராக்கில் பழக ஆசை என்றால் முதல் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவும் டயர் சூடான பிறகு. ரோட்டில், மழையில் பட்டன் பக்கமே கை போக வேண்டாம்.

சரி, எப்போதுதான் அணைப்பது? சக்கரம் சுற்றுவதுதான் தேவை என்கிற இடத்தில். நேர்கோட்டில் சீறிப்பாயும் டிராக் (drag) ரேஸுக்கு முன் டயரைச் சூடாக்கும்போது. டைனோ என்கிற உருளை இயந்திரத்தில் பவர் அளக்கும்போது: உருளை மேல் பின்சக்கரம் மட்டும் சுற்ற, முன்சக்கரம் சும்மா நிற்பதால், வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும்.

அப்புறம் மணல். ஈசிஆரில் கடற்கரைப் பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது சக்கரம் லேசாக வழுக்கினாலும் பவர் குறைந்து வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். அணைத்துவிட்டு, இரண்டாவது கியரில், ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாக எடுங்கள். சக்கரம் குழி தோண்ட ஆரம்பித்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். நடுவில் எஞ்சின் நின்று மறுபடி ஸ்டார்ட் செய்தால், பெரும்பாலான கார்களில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தானாக ஆன் ஆகிவிடும். பட்டனை இன்னொரு முறை அழுத்த வேண்டும்.