குழந்தை வாந்தி எடுத்தால் அம்மாவுக்கு ஏன் நடுங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 33. மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். சிறுமியாக இருந்தபோதிலிருந்தே யாராவது வாந்தி எடுத்தால் அந்த இடத்தில் என்னால் நிற்க முடியாது. மகன் பிறந்த பிறகு இது மிகவும் அதிகமாகிவிட்டது. அவன் "வயிறு என்னவோ செய்கிறது" என்றாலே எனக்குக் கை கால் நடுங்கும், எனக்கே குமட்டும். இரவெல்லாம் விழித்திருந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ச்சல் வந்தாலே முன்கூட்டியே வாந்தி மருந்தும் கொடுத்துவிடுவேன். போன வாரம் நள்ளிரவில் அவன் வாந்தி எடுத்தபோது பால்கனிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மாமியார்தான் பார்த்துக்கொண்டார். மறுநாள், உள்ளே ஒட்டிக்கொண்ட உணவை எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுக்கவும் கூட்டிப் போகச் சொன்னார். "பெற்ற பிள்ளையிடம் என்ன அருவருப்பு?" என்று கணவர் கேட்டது மனத்தை விட்டுப் போகவில்லை. வாந்தி என்றால் எப்போது பயப்பட வேண்டும்? நான் நல்ல தாய் இல்லையா?
வாசகி, சென்னை-11

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன். உங்களுக்கு இருப்பது அருவருப்பு இல்லை, அச்சம். உங்கள் கணவரும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அருவருப்பு மட்டும் உள்ளவர் மூக்கைப் பொத்திக்கொண்டாவது தரையைத் துடைத்துவிடுவார். உங்கள் உடலோ எதிரே புலி நிற்பதுபோல நடந்துகொள்கிறது. மருத்துவத்தில் இதற்கு எமெட்டோஃபோபியா என்று பெயர். உயரத்தைக் கண்டும் பாம்பைக் கண்டும் வருகிற அச்சங்களின் வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் சிறுவயதில் தொடங்கும், பெண்களிடம் அதிகம் காணப்படும். மசக்கை வாந்திக்கு அஞ்சியே கருத்தரிப்பதைத் தள்ளிப்போடும் பெண்களும் உண்டு. நீங்களோ அதையும் தாண்டி ஒரு பிள்ளையைப் பெற்று ஆறு வயதுவரை வளர்த்திருக்கிறீர்கள்.

உங்களுக்கே குமட்டுகிறதே, அதற்கும் காரணம் இருக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கும்போது இரைப்பையின் வேலை மந்தமாகி வயிறு புரட்டும். "எனக்கும் தொற்றிக்கொண்டதோ" என்ற எண்ணம் உடனே வரும். அந்த எண்ணம் பயத்தைக் கூட்டும், பயம் குமட்டலைக் கூட்டும்.

அந்த நேரத்தில் மகனின் உடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிருமி குடலைத் தாக்கியதும் குடல் சுவரிலுள்ள செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. வேகஸ் நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. வாந்திக்குச் சற்று முன் வாயில் எச்சில் பெருகுவது, வெளியே வரும் அமிலத்திலிருந்து பற்களைக் காப்பதற்கு. வாந்தி வரும் நொடியில் குரல்வளை மூடிக்கொள்கிறது, மேலண்ணத்தின் பின்பகுதி எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. நல்ல நினைவோடு இருக்கும் ஆறு வயதுக் குழந்தை வாந்தியால் மூச்சடைத்துப் போவது மிக மிக அரிது. தூக்கத்தில் எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். முதுகில் ஒரு கை இருந்தால் போதும்.

பெற்றோர் பலரும் என்னிடம் வந்ததும் எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள்: "ஏழு தடவை டாக்டர்." நான் கேட்பது வேறு. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்? இரண்டு வாந்திக்கு நடுவில் எப்படி இருக்கிறான்? ஏழு தடவை எடுத்துவிட்டு நடுநடுவே பொம்மையைத் தேடும் குழந்தையைவிட, இரண்டே தடவை எடுத்துவிட்டுக் கண் திறக்காமல் கிடக்கும் குழந்தையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

வைரஸால் வரும் வாந்தி பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே அடங்கும். அதுவரை நம் வேலை உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது. வாந்தி எடுத்ததும் பத்து நிமிடம் எதுவும் கொடுக்காதீர்கள். பிறகு ஓஆர்எஸ் கரைசலை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தாகத்தில் டம்ளரைக் கேட்டு அழுவான், கொடுத்துவிடாதீர்கள். மடமடவென்று குடித்தால் அப்படியே திரும்பி வரும். கரண்டிக் கணக்கில் போனால் அரை மணி நேரத்தில் 75 மில்லி உள்ளே போயிருக்கும். மீண்டும் வாந்தி வந்தாலும் குடித்தது எல்லாம் வீணாகாது, ஒரு பகுதி உடலில் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொட்டி டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவு தவறிவிடும். கேன் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். சர்க்கரை மிகுந்த பானம் வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரிக்கப்படாத பானங்களில் அந்தப் பெயரே இருக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. இருந்தாலும் உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கோலி சோடாவும் வேண்டாம். வாந்தி நின்றதும் கஞ்சி, இட்லி, மோர் சாதம் என்று வழக்கமான உணவுக்குத் திரும்பலாம். வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் மருத்துவர் 14 நாளுக்கு ஜிங்க் எழுதித் தருவார். போக்கு நின்றாலும் அதைப் பாதியில் விடாதீர்கள்.

நீங்கள் முன்கூட்டியே கொடுக்கும் வாந்தி மருந்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தயவுசெய்து நிறுத்துங்கள். ஒன்டான்செட்ரான் நல்ல மருந்து. நான் மேலே சொன்ன செரட்டோனினின் வேலையைத் தடுப்பதுதான் அது. ஆனால் குழந்தையின் எடையைப் பார்த்து, தேவை இருக்கும்போது, மருத்துவர் சொல்லிக் கொடுக்க வேண்டியது. வேறு சில வாந்தி மருந்துகள், குறிப்பாக மெட்டோகுளோபிரமைடு, சில குழந்தைகளுக்குக் கழுத்தையும் கண்ணையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். காய்ச்சலுக்கு முன்னெச்சரிக்கையாகக் கொடுக்கும் மருந்து உங்கள் பயத்துக்குக் கொடுக்கும் மருந்து. அதை அவன் குடிக்கக் கூடாது.

மாமியார் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அவர் நள்ளிரவில் எழுந்து பேரனைப் பார்த்துக்கொண்டவர், அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லுங்கள். திருஷ்டி சுற்றிப் போடட்டும், அதனால் கெடுதல் இல்லை. தொக்கம் வேண்டாம். நேற்றைக்கு முன்தினம் சாப்பிட்டது தொண்டையிலோ இரைப்பையிலோ ஒட்டிக்கொண்டு இருக்காது, உணவு சில மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்துவிடும். தானாக நிற்கிற வாந்தி தொக்கம் எடுத்த மறுநாள் நிற்பதால் அந்தப் பெயர் தொக்கத்துக்குப் போகிறது. அதற்குள் குழந்தையின் உடலில் நீர் வற்றிக்கொண்டிருக்கலாம். குடலேற்றம் என்று எண்ணெய் தடவி வயிற்றை அழுத்துவது இன்னும் ஆபத்து. உள்ளே குடல்வால் அழற்சியோ குடல் அடைப்போ இருந்தால் அந்த அழுத்தம் உயிருக்கே கேடாகலாம்.

எப்போது பயப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால், அல்லது இரத்தமாகவோ காபித் தூள் கரைத்ததுபோலவோ வந்தால், விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்து நாக்கு உலர்ந்திருக்கிறது, எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை என்றாலும் அப்படியே. தலையில் அடிபட்ட பின் வரும் வாந்தி, கடும் தலைவலியோ கழுத்து இறுக்கமோ சேர்ந்த வாந்தி, வலது அடிவயிற்றில் விடாமல் இருக்கும் வலியோடு வரும் வாந்தி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. மழைக்காலத்தில் நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. மூன்று நான்கு நாள் காய்ச்சலடித்துவிட்டு, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் வந்தால் டெங்கு முற்றுவதன் அறிகுறியாக இருக்கலாம். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று பலர் ஏமாறுவது அந்த நாளில்தான். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் இரவிலும் அவசரச் சிகிச்சை உண்டு. வண்டிக்கு 108.

இவை எதுவும் இல்லாத இரவில் நெற்றியைத் தொட்டுக்கொண்டு விழித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நான் சொன்னதாலேயே நீங்கள் தூங்கிவிட மாட்டீர்கள், எனக்குத் தெரியும். நெற்றியைத் தொடுவது, "வாந்தி வருகிறதா, வருகிறதா" என்று கேட்பது, முன்கூட்டியே மருந்து கொடுப்பது எல்லாம் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும். அப்படிச் செய்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும், அடுத்தமுறை பயம் இன்னும் கூடும். மகனும் ஒன்றைக் கற்றுக்கொள்வான். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். அம்மா பயந்துவிடுவாளே என்று வயிற்றுவலியை மறைக்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்றே அவனிடம் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு வாந்தி என்றால் பயம். அது உன் தப்பு இல்லை. வயிறு வலித்தால் எப்போதும் என்னிடம் சொல்லலாம்."

இந்த அச்சத்துக்குச் சிகிச்சை உண்டு. உளவியலாளரோடு சேர்ந்து படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி அது. முதலில் 'வாந்தி' என்ற சொல்லைத் தாளில் எழுதிப் பார்ப்பதில் தொடங்கலாம், பிறகு படம், பிறகு ஓசை, பிறகு மஞ்சள் கலந்த கஞ்சியைப் பேசினில் ஊற்றிப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாகத் தணியும்வரை விலகாமல் நிற்பதுதான் பயிற்சி. யாரும் உங்களை வலுக்கட்டாயமாக நிறுத்தி வைக்கக் கூடாது, இதைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். சிலருக்கு மாத்திரையும் தேவைப்படும். அதில் சில வகை தொடக்கத்தில் லேசாகக் குமட்டலைத் தரும் என்பதால், உங்கள் பயத்தை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகில்தான், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி-மானஸ் சேவை அது, 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

அதுவரைக்கும் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கட்டிலுக்கு அருகே ஒரு பேசின், பழைய துண்டு, ஓஆர்எஸ் பொட்டலம். சுத்தம் செய்வது மாமியாரோ கணவரோ, கரண்டியில் கரைசல் கொடுப்பது நீங்கள். எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சில வாந்தி வைரஸ்களுக்கு சானிடைசர் போதாது. அன்று கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அடுத்தமுறை ஓடத் தோன்றினால் ஓடுங்கள், கதவை மட்டும் திறந்து வையுங்கள். "அம்மா இங்கேதான் இருக்கிறேன்" என்று அவனுக்குக் கேட்கும்படி குரல் கொடுங்கள். அதற்கு அடுத்தமுறை பால்கனி வரை போகாமல் அறை வாசலில் நின்று பாருங்கள்.