காஓரிலிருந்து ஃபிஜாக்: லாரி தொல்லை இல்லாத சாலை

பிரான்ஸில் காஓரிலிருந்து ஃபிஜாக்குக்குச் சைக்கிளில் போக டி653 சாலையைத்தான் வரைபடம் காட்டுகிறது, லாரிகளுக்கு மனைவி அஞ்சுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலையை வேர் என்ற ஊருடன் விட்டுவிடுங்கள். அங்கிருந்து லோத் நதியோரமாக டி662-இல் கொந்துஷே வரை போய், இடப்பக்கம் டி41-க்குத் திரும்புங்கள். அது சேலே நதியுடனேயே ஏறக்குறைய ஃபிஜாக் வரை வளைந்து வளைந்து போகிறது. ஒருபுறம் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து, மறுபுறம் புல்வெளி. ஏற்றமும் பெரிதாக இல்லை. அவர் நிச்சயம் ரசிப்பார்!

வழியில் வரும் மார்சியாக் என்ற ஊரில் அவசரப்படாதீர்கள். இடிந்த மடாலயத்தின் சுவர்களுக்கிடையே ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். அதே வழியிலுள்ள கப்ரரே ஊருக்கு மேலே பெஷ்மெர்ல் குகை ஓவியங்கள் இருக்கின்றன; அனுமதிக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, முன்பதிவு அவசியம். குகைக்கு ஏறும் சாலை மட்டும் செங்குத்தானது.

சிற்றூர்க் கடைகள் மதியத்தில் மூடிவிடும், திங்கட்கிழமை பலவும் திறப்பதில்லை. ரொட்டியைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய்களைப் பாருங்கள். 'நோன் பொத்தாப்ல்' (குடிக்கத் தகாதது) என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.